ஒற்றை விரல் ஸ்டியரிங்

முட்டைக்காரம்மாவின் வலது தோளை அமுக்கிப் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டார், "என்ன வேலை பார்க்கறீங்க?"

"முட்டை போடறேன்."

டாக்டர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். பக்கத்தில் நின்ற அவள் வீட்டுக்காரர், "கடைகளுக்குங்க, கடைகளுக்கு" என்று அவசரமாகச் சேர்த்தார்.

அறுபது கடை, வாரத்தில் ஆறு நாள், இருபத்தாறு வருஷம். தட்டுத் தட்டாக முட்டையை அடுக்கி, பிக்கப் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போய்ப் போட்டு வருபவள் அவள். என்ன வண்டி, எத்தனை வருஷத்து வண்டி என்று டாக்டர் விசாரித்தார். சொன்னாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வண்டி அவர் பிறப்பதற்கு முன்னாலேயே தெருவில் ஓடிக்கொண்டிருந்த வண்டி.

"அந்த ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டித்தான் தோள் இப்படி ஆயிருக்கு. இனிமே ஒத்தை விரல்ல திரும்புற வண்டியா இருந்தா ஓட்டுங்க. இல்லேன்னா வேற யாரையாவது ஓட்டச் சொல்லிட்டு, நீங்க பக்கத்துல ஜம்முனு உட்கார்ந்து போங்க" என்றார்.

தோள்வலியைக் கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அந்த 'ஜம்முனு'வைத்தான் பொறுக்க முடியவில்லை. வீடு வரும்வரை அந்த டாக்டரின் படிப்பு, மூக்குக்கண்ணாடி, தலையில் மிச்சமிருந்த நாலு முடி எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்தாள். வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் "ஆமா" போட்டுக்கொண்டே வந்தார்.

வண்டிக்கு அவர்கள் வீட்டில் சண்டி என்று பெயர். உருண்டை மூக்கு, முழித்துப் பார்க்கிற இரண்டு விளக்கு, ஒரு காலத்தில் பச்சையாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்கிற நிறம். ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினால்தான், "யாரோ கூப்பிடுகிறார்களே" என்று சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேரும். நின்ற இடத்தில் திருப்புவதென்றால் சீட்டிலிருந்து பாதி எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சண்டியின் பரம்பரையையே திட்டிக்கொண்டு திருப்ப வேண்டும். அடியில் இருந்த ஸ்பிரிங் பட்டைகளோ சிமெண்டு மூட்டைக்காகச் செய்தவை. முட்டை மாதிரி அற்பச் சரக்குக்கெல்லாம் அவை வளைந்து கொடுக்காது. ஒரு குழியில் இறங்கி ஏறினால் ஆறு முட்டை காலி. தட்டுகளுக்குக் கீழே பழைய மெத்தையைப் போட்டு, ஊரிலுள்ள குழிகளையெல்லாம் மனப்பாடம் செய்து, எப்படியோ காலத்தை ஓட்டிவிட்டாள்.

ஆரம்பத்தில் ஆள் வைத்துத்தான் ஓட்டினார்கள். முதல் டிரைவர் பறந்தான், இரண்டாமவன் தூங்கினான், மூன்றாமவன் ஒவ்வொரு கடையிலும் நின்று ஊர்க்கதை பேசியதில் காலை முட்டை சாயங்காலம் போய்ச் சேர்ந்தது. கடைசியில் வீட்டுக்காரரே கற்றுக்கொள்வதாக ஒரு யோசனை. முதல் நாளே ஒரு சுவரை இடித்துவிட்டு இறங்கியவர், "இது நமக்கு ஒத்து வராது" என்று கையைக் கழுவிக்கொண்டார். அவள் ஏறினாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. வாசலில் கோலெடுத்து நாய் விரட்டக்கூட யோசிக்கிற பெண் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பத்தே நாளில் சண்டியைப் பின்பக்கமாகவே சந்துக்குள் நுழைத்துக் காட்டினாள்.

அன்றிலிருந்து அந்த சீட் அவளுடையது. அதில் ஏறி உட்கார்ந்தால் அவளுக்கு அவள்மேலேயே ஒரு மரியாதை வரும். சமையலறையில் வந்ததில்லை, சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் வந்ததில்லை. அங்கே மட்டும்தான் வரும். வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில். இறங்கித் தட்டைக் கொடுப்பது, பில் எழுதுவது, குழி வந்தால் "மெதுவா" என்பது அவர் வேலை. குழி வராவிட்டாலும் "மெதுவா" என்பார்.

இவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மா விஷயத்திலும் அவள் கறாராகத்தான் இருப்பாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி, விடைத்தாள் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தாள்.

"வித்துடலாம்" என்றாள்.

விற்க அவளுக்கு உரிமையும் இருந்தது. அவளுக்கு வேலை கிடைத்த அன்று பாசம் பொங்கி வழிந்ததில், அம்மாவும் அப்பாவுமாகச் சேர்ந்து வண்டியை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பாசம் பொங்குகிற நேரத்தில் கையில் பேனா இருக்கக் கூடாது என்று முட்டைக்காரம்மா பிற்பாடு பலரிடம் சொன்னதுண்டு.

"யார் வாங்குவா இதை?"

"ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார்மா. புதுசா காபிக்கடை திறக்கறார். பழைய வண்டின்னா அவருக்கு உயிர். கடை வாசல்ல நிறுத்தி, பின்னாடி மண்ணைக் கொட்டிப் பூச்செடி வைக்கப் போறாராம். அழகா இருக்கும்."

"பூச்செடியா?" முட்டைக்காரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப எனக்கும் வாய்ல ஒரு செடி வச்சுப் பக்கத்துலயே நிறுத்திடு."

மகள் அசரவில்லை. வகுப்பில் இதைவிடப் பெரிய வாயெல்லாம் பார்த்தவள். "டாக்டர் ஒத்தை விரல்னு சொல்லியிருக்கார். சரி, மூணு வாரம் தர்றேன். மூணாவது ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வருவேன். என் கண்ணு முன்னால ஒத்தை விரல்ல ஓட்டிக் காட்டு. முடியலேன்னா பதினோரு மணிக்கு அவர் வந்து ஓட்டிட்டுப் போயிடுவார்."

அதுவரைக்கும் வாடகை வேனும் வாடகை டிரைவரும் ஏற்பாடு செய்து கொடுத்தாள். வீட்டுக்காரர் அதில் போய் முட்டை போட்டுவிட்டு வந்தார். "பையன் நல்லாத்தான் ஓட்டறான்" என்று முதல் நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு ஆறித்தான் கிடைத்தது.

முட்டைக்காரம்மாவின் தம்பி மெக்கானிக். வட்டாரத்தில் அவனுக்கு 'நாளைக்கு' என்று பெயர். எந்த வேலை எப்போது முடியும் என்று கேட்டாலும் அவன் வாயிலிருந்து வருகிற பதில் அது ஒன்றுதான். கைவேலை மட்டும் சுத்தம். மற்ற மெக்கானிக்குகள் பயந்து ஒதுக்கிய வண்டியெல்லாம் அவன் பட்டறை முற்றத்தில் வந்து படுத்துக் கிடக்கும்.

"இதுக்கா இவ்வளவு அழுகை? பழைய இரும்புக் கடையில ஒரு வேன் கிடக்குக்கா. இடிபட்டது பின்பக்கம்தான், முன்பக்கம் ஜோரா இருக்கு. அதோட பவர் ஸ்டியரிங் பெட்டியக் கழட்டி நம்ம சண்டியில மாட்டிடறேன். நீ திருப்பணும்னு நினைச்சாலே போதும், மிச்சத்தை எண்ணெய் பார்த்துக்கும்."

"எப்ப முடிப்பே?"

"நாளைக்கு."

மறுநாளே சண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அவளும் ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். தம்பியை நம்பாமல் இல்லை, அந்த 'நாளைக்கு'வைத்தான் நம்பவில்லை.

முதலில் அடிப்பகுதி. பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது பட்டை. கட்டை அவிழ்த்ததும் வருஷக்கணக்கில் தின்ற துரு அரைப்படி கொட்டியது. "முட்டைக்கு எதுக்குக்கா ஒன்பது?" என்று மூன்றை எடுத்து ஓரமாகப் போட்டான். மீதி ஆறையும் அவள் இடது கையாலேயே டீசலில் கழுவிக் கொடுத்தாள். தேய்ந்துபோன புஷ்ஷையெல்லாம் தட்டி எடுத்துவிட்டுப் புதிது அடித்தான். நாலு மூலைக்கும் புது ஷாக் அப்சார்பர். முன் சக்கரங்கள் திரும்புகிற இடத்து ஊசிகளைக் கையில் எடுத்து அவளிடம் நீட்டினான். இடுப்பு தேய்ந்து குச்சியாகியிருந்தன. "இதை வச்சுக்கிட்டா ஓட்டினே? உனக்கு அவார்டு குடுக்கணும்" என்றான். அவள் உச்சி குளிர்ந்துபோய் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

பட்டை வேலை முடிந்ததும் ஒரு பரீட்சை வைத்தாள். பின்னால் ஒரு தட்டு முட்டையை வைத்துவிட்டு, மெத்தை எதுவும் போடாமல், தம்பியை பம்பரில் ஏறிக் குதிக்கச் சொன்னாள். எண்பத்தைந்து கிலோ குதித்தது. வண்டி மெத்தென்று இறங்கி மெத்தென்று ஏறியது. முப்பது முட்டையும் பத்திரம். அவளே போய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

அப்புறம் ஸ்டியரிங். பழைய பெட்டியைக் கழற்றி, வேன் பெட்டிக்கு இரும்புத் தகட்டில் தாங்கி வெட்டி, சட்டத்தில் பற்றவைத்து, இன்ஜினில் பம்பு மாட்டி, பெல்ட் போட்டு, குழாய் இழுத்து, எண்ணெய் ஊற்றி முடிக்க மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. வண்டியின் முன்பக்கம் இன்னும் ஜாக்கியின்மேல்தான் இருந்தது. அவளை ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, தம்பி வண்டியின் மூக்குக்கு நேரே வந்து, அவளைப் பார்த்தபடி இடுப்பில் கை வைத்து நின்றான். இன்ஜின் ஓடியது.

"லெஃப்ட்ல திருப்பு!"

இடது கை ஆள்காட்டி விரலால் திருப்பினாள். வெண்ணெய் மாதிரி போனது. சக்கரங்கள் அவன் இடதுகைப் பக்கம் திரும்பின.

"சூப்பர்! ரைட்டு!"

அவன் வலதுகைப் பக்கம் திரும்பின.

"அடடா, அடடா!" என்று அவன் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான். முட்டைக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருஷமாக அவள் தோளை முறித்த சண்டி, ஒரு விரலுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. வீட்டுக்காரர் முற்றத்தின் வலது ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தபடி கைதட்டினார்.

ஜாக்கியை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினார்கள். கேட் இடதுபக்கம் இருந்தது. கியர் போட்டு, ஒரு விரலால் இடது பக்கம் திருப்பினாள். சண்டி மிகுந்த மரியாதையோடு வலது பக்கம் திரும்பி வீட்டுக்காரரை நோக்கிப் போனது.

தான்தான் போதுமான அளவு திருப்பவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினாள். அது இன்னும் கொஞ்சம் வலது பக்கம் போனது. கல்யாணமானதிலிருந்து ஒரு நாளும் வேகமாக நகர்ந்திராத அந்த மனுஷன், டீயை ஒரு பக்கமும் தன்னை ஒரு பக்கமும் எறிந்துகொண்டு தாவினார். நாற்காலி நொறுங்கியது. தண்ணீர் டிரம்முக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

"தப்பா திருப்பிட்டேக்கா" என்று தம்பி ஓடி வந்தான்.

"எனக்கு லெஃப்ட் எது ரைட் எதுன்னு தெரியாதா? உனக்குத்தான் தெரியல, மூஞ்சிக்கு நேரா நின்னுக்கிட்டு சூப்பராம் சூப்பரு!"

அவன் மறுபடி திருப்பச் சொல்லிப் பார்த்தான். இந்தத் தடவை அவள் பக்கமாக நின்று பார்த்தான். பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வேனில் அந்தப் பெட்டி முன் அச்சுக்கு முன்னால் இருந்தது. அதன் கை பின்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. இவன் சண்டியில் இடம் வசதியாக இருக்கிறதென்று அச்சுக்குப் பின்னால் மாட்டிவிட்டான். கை முன்னோக்கி நீட்டிக்கொண்டது. கை திசை மாறினால் வண்டியும் திசை மாறும். தொழிலில் முப்பது வருஷம் ஊறியவனுக்கு இது தெரியாமல் இல்லை. எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பதிலேயே கவனமெல்லாம் போய்விட்டது.

"சட்டத்துல வெட்டி, பெட்டிய முன்னாடி கொண்டுபோய் மறுபடி பத்த வைக்கணும். தண்டும் நீளமா போடணும்."

"எத்தனை நாள்?"

"நாளைக்…" என்று ஆரம்பித்தவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். "புதன்கிழமை" என்றான்.

அவன் வாயிலிருந்து ஒரு கிழமையின் பெயர் வந்து அவள் கேட்டதே இல்லை.  வீட்டுக்காரர் முழங்கையில் மண்ணைத் தட்டியபடி, "பாப்பாகிட்ட மூணு நாள் கேட்டுப் பார்க்கலாமே" என்றார்.

"கேட்டா, 'பார்த்தியா, முடியலல்ல'ன்னு சொல்லுவா. அந்தப் பூச்செடிக்காரன் பதினோரு மணிக்கு மண்வெட்டியோட வந்து நிப்பான்." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே முறைத்துப் பார்த்தாள். "திருப்பி மாட்டியிருந்தா என்ன? திருப்பி ஓட்டிட்டுப் போறேன்."

சனிக்கிழமை காலையிலேயே முற்றத்தில் பழைய டயர்களை வரிசையாக வைத்தாள். கேட்டைப் பூட்டச் சொன்னாள். அன்றைக்கு வாடகை டிரைவரையே தனியாக அனுப்பிவிட்டு வந்திருந்த வீட்டுக்காரர், வழக்கம்போல் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"இறங்குங்க."

"ஏன்?"

"சும்மா இறங்குங்க. கேள்வி கேட்காதீங்க."

அவர் இறங்கி, கேட்டருகே போய்க் கைகட்டி நின்றார்.

முதல் ஒரு மணி நேரத்தில் எட்டு டயரை ஏற்றிவிட்டாள். புத்தி ஒன்று சொல்ல, கை தன் பழைய பாட்டையே பாடியது. மதியம் சோர்ந்துபோய், கை தானாகச் சரிந்து ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் சூட்சுமம் பிடிபட்டது. அடியில் விரலை வைத்து இடது பக்கம் இழுத்தால் வண்டியும் இடது பக்கமே போனது. வலது பக்கம் இழுத்தால் வலது. மேலே பிடித்தால்தான் விரோதி, கீழே பிடித்தால் சிநேகிதன். "அட திருட்டுப் பயலே" என்று சண்டியை ஒரு தட்டுத் தட்டினாள். சாயங்காலத்துக்குள் ஒரு டயரையும் தொடாமல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓட்டினாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மகள் வந்தாள். பத்து மணி என்றால் அவளுக்குப் பத்து மணி. முட்டைக்காரம்மா ஏறினாள், அடியில் ஒரு விரலை வைத்தாள், டயர்களுக்கு நடுவே போனாள், வந்தாள், கேட் வரைக்கும் போய்ப் பின்பக்கமாகவே திரும்பி வந்து கோடு போட்ட மாதிரி நிறுத்தினாள். வலது கையை மடியில் வைத்தபடியே இருந்தாள். 

மகளின் முகத்தில் டீச்சர் போய் மகள் வந்துவிட்டாள். "அம்மா! நிஜமாவே ஒத்தை விரலாமா? இவ்வளவு நாளா இதைப் பண்ணாம என்ன பண்ணிட்டிருந்தீங்க எல்லாரும்?" ஓடி வந்து கதவைத் திறந்தாள். "நகரு, நகரு. நானும் ஒரு ரவுண்டு போறேன். நீ இதுலதானே எனக்கு ஓட்டவே கத்துக் குடுத்தே."

முட்டைக்காரம்மாவுக்கு மறுக்க ஒரு காரணமும் உடனே கிடைக்கவில்லை. இறங்கினாள். "இன்ஜின் சூடாயிருக்கும் பாப்பா" என்று தம்பி ஏதோ மழுப்பினான். அவள் காதில் வாங்கவில்லை.

"அப்பா, வாங்க. பக்கத்துல உட்காருங்க."

வீட்டுக்காரர் ஒரு தடவை மனைவியைப் பார்த்தார். அப்புறம் போய்க் கதவைத் திறந்து, ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு கையால் மேலே இருந்த பிடியைப் பிடித்தார், இன்னொரு கையால் சீட்டின் விளிம்பை. நேரே எதிரில் பட்டறைச் சுவர்.

மகள் கியர் போட்டாள்.

"நிறுத்து!" முட்டைக்காரம்மா போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த புறாவெல்லாம் பறந்தது. ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கினாள். வலது கையால்தான் பிடுங்கினாள். தோள் சுரீரென்றது.

"லெஃப்ட்ல திருப்பினா ரைட்டுல போகும்" என்றாள். "பெட்டி திரும்பி மாட்டியிருக்கு. நேத்து முழுக்கப் பழகிட்டு உன்னை ஏமாத்தினேன்."

மகள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். மாமா வானத்தைப் பார்த்தான். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஏறினீங்க?"

"நீ ஏறச் சொன்னே." பிடியை அவர் இன்னும் விடவில்லை. "உங்கம்மாவுக்கு வண்டி வேணும்ல."

மகள் இறங்கினாள். கதவை ஓங்கிச் சாத்தினாள். "பரீட்சையில காப்பியடிச்சா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"வெளிய அனுப்புவே" என்றாள் முட்டைக்காரம்மா. சாவியை நீட்டினாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் அதை யாரிடமும் தானாக நீட்டியதில்லை.

மகள் வாங்கிக்கொண்டாள். பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் போனை எடுத்துக் காபிக்கடைக்காரரிடம் இன்றைக்கு வர வேண்டாம் என்று சொன்னாள். "மாட்டிக்கறதுக்கு முன்னாடி நீயே ஒத்துக்கிட்டே. அதனால இன்னொரு தடவை எழுத விடறேன். புதன்கிழமை நாலு மணி. மாமா, வியாழக்கிழமை ஆச்சுன்னா உங்களையும் சேர்த்துக் காபிக்கடை வாசல்ல நட்டுடுவேன்."

தம்பி 'நாளைக்கு' செவ்வாய்க்கிழமையே முடித்துவிட்டான். அவன் சரித்திரத்தில் அது ஒரு முறைதான் நடந்தது. முட்டைக்காரம்மா அவன் சத்தியம் எதையும் நம்பாமல், செவ்வாய் சாயங்காலமும் புதன் காலையும் தனியாக ஏறி, விரலை மேலே வைத்து, இடதும் வலதுமாக நூறு தடவை திருப்பிப் பார்த்தாள். நாலு மணிக்கு மகள் அவளைத் தெருவிலேயே ஓட்டச் சொன்னாள். இரண்டு சந்து, ஒரு மேடு, மூன்று குழி. திரும்பி வந்து, காபிக்கடைக்காரருக்குப் போன் போட்டு, வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சாவியை அம்மா கையில் வைத்தாள்.

மறுநாள் காலை முட்டை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். வண்டி சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. நாலைந்து கடை தாண்டியும் வீட்டுக்காரர் ஒரு "மெதுவா"கூடச் சொல்லவில்லை.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை ஏறி உட்கார்ந்தீங்களே, பயமா இல்லையா?"

"இருந்துச்சு."

"பின்னே?"

அவர் பில் புத்தகத்தைப் புரட்டினார். "அதுகூடப் பரவாயில்ல. சனிக்கிழமை நீ இறங்குன்னு சொன்னேல்ல, அதுதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

 அவள் தன் சீட்டுக்காக மூன்று வாரம் டாக்டரையும் மகளையும் தம்பியையும் ஒரு வழி பண்ணியவள். பக்கத்து சீட்டையும் ஒருத்தர் இருபத்தாறு வருஷமாகத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு வருகிறார் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.  ஒரு விரலால் வண்டியை ஓரம் கட்டினாள்.

"ஏன் நிறுத்திட்டே? கடை இன்னும் வரலையே."

"தெரியும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே இறங்கச் சொல்ல மாட்டேன்."